ஒரே சான்றிதழ், இரண்டு வட்டங்கள்: அக்கா தம்பி வாங்கிய வீட்டின் வட்டிக் கழிவு

2025 ஆகஸ்ட் கடைசியில் ஒரு சனிக்கிழமை. வருமான வரி ரிட்டர்ன் போட செப்டம்பர் 15 வரை அவகாசம் நீட்டித்திருந்ததால் வரி ஆலோசகரான என் அலுவலகத்தில் கூட்டம் குறையவே இல்லை. அக்காவும் தம்பியுமாக இரண்டு பேர் வந்து உட்கார்ந்தார்கள். அக்காவுக்குப் பெங்களூரில் வேலை, அங்கேயே வாடகை வீடு. தம்பிக்குச் சென்னையில் வேலை. 2023 ஏப்ரலில் இருவரும் சேர்ந்து குரோம்பேட்டையில் வாங்கிய ஃபிளாட்டில் அம்மாவோடு இருக்கிறார். அவர்கள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கணக்கின் போக்கு அப்படியே இருக்கிறது.

ஆளுக்கொரு ஜெராக்ஸ் எடுத்து மேசையில் வைத்தார்கள். இரண்டும் ஒரே தாள்தான், வீட்டுக்கடனுக்கு வங்கி கொடுக்கும் வட்டிச் சான்றிதழ். மேலே இரண்டு பெயரும் சேர்ந்து இருந்தன, அதன் கீழே ஒரே கடன் எண். 2024-25 நிதியாண்டுக்கு வட்டி 4,61,900 ரூபாய், அசல் 1,21,300 ரூபாய். அக்கா தன் பிரதியில் இந்த இரண்டு எண்களையும் நீலப் பேனாவால் வட்டமிட்டிருந்தார். தம்பியின் பிரதியிலும் அதே இரண்டு எண்களைச் சுற்றி வட்டம், பச்சை மையில்.

அக்காதான் ஆரம்பித்தார். "போன வருஷம் ரெண்டு பேரும் தனித்தனியா இதையே போட்டோம் சார். இந்த வருஷம் தம்பியே முழுசா எடுத்துக்கட்டும்னு சொல்றேன். அவனுக்குத்தான் சம்பளம் ஜாஸ்தி, வரியும் ஜாஸ்தி. வேண்டாம்ங்கறான்."

"பாதி தவணை அக்கா கட்டுது சார். நான் எப்படி முழுசா எடுத்துக்கறது?" என்றார் தம்பி.

சட்டம் தம்பி பக்கம்தான். ஆனால் அவர் சொன்ன "பாதி" எங்கே எழுதியிருக்கிறது என்று தேட ஆரம்பித்தபோதுதான் இந்த வழக்கின் சிக்கல் தெரிந்தது.

வீட்டுக்கடன் வட்டியை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளும் இந்த வட்டிக் கழிவைப் பற்றி என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் கேட்பது, யார் பெயரில் போட்டால் வரி அதிகம் மிச்சமாகும் என்பதைத்தான். இவர்களுடைய இந்த வருடங்களுக்குப் பொருந்தும் 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் அந்த வரிசையில் யோசிப்பதில்லை. வீட்டு வருமானம் உரிமையாளரைச் சேர்ந்தது என்று 22-ஆம் பிரிவு சொல்கிறது. உரிமையாளர்கள் இரண்டு பேராக இருந்து அவரவர் பங்கும் திட்டவட்டமாகத் தெரிந்தால், அவர்களை ஒரு கூட்டமைப்பாகச் சேர்த்து வரி போடக்கூடாது, ஒவ்வொருவர் பங்கையும் அவரவர் கணக்கிலேயே எடுக்க வேண்டும் என்பது 26-ஆம் பிரிவு. 24(பி) பிரிவில் வரும் வட்டிக் கழிவு இந்தக் கணக்குக்குள் அடங்கிய ஒரு படிதான். எனவே முதலில் உரிமை, பிறகு கடன், அதன் பிறகே கழிவு.

26-ஆம் பிரிவின் கீழ் ஒரு விளக்கம் இருக்கிறது. பலருக்குத் தெரியாது. சொந்தக் குடியிருப்புக்கான சலுகையை ஒவ்வொரு கூட்டு உரிமையாளரும் தனியாக உரிமை உள்ளவர் என்று வைத்தே கணக்கிட வேண்டும் என்கிறது அந்த விளக்கம். குடியிருக்கும் வீட்டுக்கு ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் என்ற வட்டி உச்சவரம்பு வீட்டுக்கு ஒன்று என்று இல்லாமல் ஆளுக்கு ஒன்று என்று ஆவது இதனால்தான். ஒருவர் மட்டும் கட்டினால் 4,61,900-இல் 2 லட்சம் போக மீதி வீண். இருவர் பாதிப் பாதி சுமந்தால் ஆளுக்கு 2,30,950 வருகிறது, அதில் ஆளுக்கு 2 லட்சம் கழிவு, ஆக மொத்தம் 4 லட்சம். அக்கா சொன்னபடி தம்பியே "முழுசா" எடுத்திருந்தால் அவருக்கு ஒரு ரூபாய்கூட அதிகம் கிடைத்திருக்காது. அக்காவின் 2 லட்சம்தான் போயிருக்கும்.

அக்கா பெங்களூரில் இருக்கிறாரே, அவருக்கு இது சொந்தக் குடியிருப்பா என்ற கேள்வி வரும். வேலைக்காக வெளியூரில் இன்னொருவர் வீட்டில் இருப்பவருக்கு அந்தச் சலுகை முன்பே உண்டு. 2025 பட்ஜெட்டில் அதையும் தளர்த்தி, எந்தக் காரணத்தால் குடியிருக்க முடியாமல் போனாலும் சரி என்று ஆக்கிவிட்டார்கள். பெங்களூர் வாடகைக்கு வீட்டு வாடகைப்படி விலக்கும் அவர் எடுக்கலாம், குரோம்பேட்டை வட்டிக்குக் கழிவும் எடுக்கலாம்.

கழிவு கேட்பவர் மூன்று இடங்களில் இருக்க வேண்டும்: கிரயப் பத்திரத்தில் வாங்குபவராக, கடன் ஒப்பந்தத்தில் கடன்தாரராக, தவணை போகும் பணத்தில் உண்மையாகச் சுமப்பவராக. நம் குடும்பங்களில் இந்த மூன்றில் ஒன்று இல்லாமல் போவது அடிக்கடி நடக்கிறது. அப்பா பெயரில் வீடு, மகன் பெயரில் கடன், மகன் சம்பளத்தில் தவணை என்று பத்து வருடம் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். வங்கி அவரை முதல் கடன்தாரர் என்று எழுதியிருக்கும். பத்திரத்தில் பெயர் இல்லாததால் அவருக்கு வட்டிக்கான 24(பி)-யும் இல்லை, கடன் அசலுக்கும் சேமிப்புக்கும் கழிவு தரும் 80சி-யும் இல்லை. அவர்களிடம் இதைச் சொல்வது ஒவ்வொரு முறையும் எனக்குக் கஷ்டமாகவே இருக்கிறது. இதற்கு மறுபக்கமும் உண்டு. கணவன் தன் வீட்டைத் தகுந்த விலை வாங்காமல் மனைவி பெயருக்கு மாற்றி எழுதிவைத்தால் 27-ஆம் பிரிவு கணவனையே உரிமையாளராகக் கருதும், பத்திரத்தில் யார் பெயர் இருந்தாலும்.

நல்லவேளையாக இவர்கள் இருவரும் பத்திரத்திலும் இருந்தார்கள், கடன் ஒப்பந்தத்திலும் இருந்தார்கள். மூன்றாவதில்தான் தடுமாற்றம்.

வீட்டு விலை 80 லட்சம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என 7,20,000 ரூபாய். மொத்தம் 87,20,000. கடன் 56 லட்சம், 8.5 சதவீதம், 20 வருடம், மாதத் தவணை 48,600. மீதி 31,20,000-ஐக் கையிலிருந்து போட்டார்கள். அதில் அக்கா பங்கு 20 லட்சம். மியூச்சுவல் ஃபண்டை விற்று, வைப்புத்தொகையை உடைத்துக் கொடுத்திருக்கிறார், பத்திரச் செலவு 7,20,000 முழுவதும் அவர் கணக்கிலிருந்தே போயிருக்கிறது. தம்பி 11,20,000.

கடன் கொடுத்த வங்கியிலேயே தம்பிக்குச் சம்பளக் கணக்கும் இருந்ததால் மாதாமாதம் 48,600-ம் அதிலிருந்தே பிடித்தம். பாதித் தொகையான 24,300-ஐ அக்கா யு.பி.ஐ.யில் தம்பிக்கு அனுப்பிவிடுவார். பேச்சளவில் அவ்வளவு தெளிவு. முதல் வருடமான 2023-24-இன் கணக்கு அறிக்கையை எடுத்து, பென்சிலும் அடிக்கோலுமாக வரிவரியாக இறங்கினேன். ஏப்ரலில் 24,300 இருந்தது, மே மாதத்திலும் இருந்தது. அப்படியே அக்டோபர் வரை ஏழு மாதம். அதன் பிறகு நவம்பர், டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி, மார்ச் ஐந்து மாதமும் காலி. வந்த ஏழு வரவுகளின் குறிப்பிலும் ஒரே சொல்: "அம்மா".

வரித்துறை அதிகாரி ஒருவர் இந்த அறிக்கையைப் பார்த்தால் என்ன நினைப்பார்? மகள் அம்மாவின் செலவுக்கு மாதம் 24,300 அனுப்பியிருக்கிறாள், அதையும் ஏழு மாதத்தில் நிறுத்திவிட்டாள். வீட்டுக்கடனைப் பற்றி அதில் ஒரு எழுத்துகூட இல்லை.

"நவம்பர்ல இருந்து ஏன் அனுப்பல?" என்று அக்காவிடம் கேட்டேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. பணம் கட்டாமல் ஏமாற்றியதாகக் கேட்கிறேன் என்று பட்டிருக்க வேண்டும். தம்பி குறுக்கிட்டார். "சார், அப்பதான் அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன். இன்ஷூரன்ஸ் போக 2,40,000 கையில இருந்து கட்ட வேண்டியிருந்துச்சு. அக்காதான் அவ கார்டுல கட்டினா. என் பாதி 1,20,000-ஐ நான் திருப்பித் தரல. அதுக்குப் பதிலா அஞ்சு மாசம் தவணையை நானே பார்த்துக்கறேன்னு சொன்னேன்."

ஐந்து மாதத்துக்கு அக்காவின் பாதி 1,21,500. தம்பி தர வேண்டியது 1,20,000. வித்தியாசம் 1,500. பென்சிலை மறுபடி எடுத்தேன். மார்ச் 31-ஆம் தேதி, பக்கத்தின் கடைசிக்கு முந்தைய வரியில் அது இருந்தது. அக்காவிடமிருந்து 1,500 ரூபாய் வரவு, குறிப்பில் "கணக்கு நேர்".

இந்தத் தொழிலில் இத்தனை வருடத்தில் ஒரு 1,500 ரூபாய் வரவைப் பார்த்து நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. அந்த ஒரு வரி இல்லையென்றால் மருத்துவமனை ரசீது வேறு, வீட்டுத் தவணை வேறு, இரண்டுக்கும் தொடர்பு என்பது அக்கா தம்பி வாய்ச்சொல் மட்டும்தான். ரசீது அக்கா பெயரில், தேதியோடு இருந்தது. கார்டு அறிக்கையும் இருந்தது. ஐந்து மாத இடைவெளியும், ஒரு ரூபாய் பிசகாமல் அதை நேர் செய்த 1,500-ம் இருந்தன. அக்கா தன் பாதியை முழுதாகச் சுமந்திருக்கிறார் என்று காட்ட இது போதும் என்பது என் முடிவு. 24(பி) பிரிவு கட்டிய வட்டி என்று சொல்லவில்லை, கட்ட வேண்டிய வட்டி என்றுதான் சொல்கிறது என்பதும் அவருக்குச் சாதகம். 80சி-யில் வரும் அசலுக்கு அந்தச் சலுகை கிடையாது. அங்கே கட்டியதைத்தான் பார்ப்பார்கள்.

முதல் வருட ரிட்டர்ன்களில் என்ன நடந்திருந்தது என்று பார்த்தேன். அந்த வருடம் வட்டி 4,71,700, அசல் 1,11,500. வட்டியில் ஆளுக்கு 2 லட்சம் எடுத்திருந்தார்கள், அது சரி. ஆனால் அசல் 1,11,500-ஐ இருவருமே முழுதாக 80சி-யில் போட்டிருந்தார்கள். ஒரே ரூபாயை இரண்டு இடத்தில் கழித்த கணக்கு. சான்றிதழில் யார் பங்கு எவ்வளவு என்று வங்கி எழுதுவதில்லை, எழுத வேண்டிய கட்டாயமும் அதற்கு இல்லை. தாளைப் பார்த்து அப்படியே நிரப்புகிறவர்கள் எல்லோரும் விழும் குழி இது. போதாக்குறைக்கு, மியூச்சுவல் ஃபண்டு விற்றதால் ஐ.டி.ஆர்.-2 என்ற ரிட்டர்ன் படிவத்தைப் போட்ட அக்கா, வீட்டுக்குக் கூட்டு உரிமையாளர் உண்டா என்ற கேள்விக்கு "இல்லை" என்று குறித்திருந்தார். தம்பி போட்டது ஐ.டி.ஆர்.-1. அதில் அந்தக் கேள்வியே வராது.

திருத்திய ரிட்டர்ன் போடும் கெடு 2025 ஜனவரி 15-உடன் முடிந்துவிட்டது. மிச்சம் இருந்தது ஐ.டி.ஆர்.-யு எனும் புதுப்பித்த ரிட்டர்ன். அதில் கூடுதல் வரி, வட்டி, அதன் மேல் 25 சதவீதம் என்று கட்ட வேண்டிவரும். அக்கா பயந்துவிட்டார். கட்ட வேண்டுமா என்று முடிவு செய்யும் முன் 80சி-யை இருவருக்கும் புதிதாகப் போட்டுப் பார்த்தேன். தம்பிக்கு வருங்கால வைப்பு நிதி 1,08,000. அசலில் பாதி 55,750-ஐச் சேர்த்தாலே 1,63,750 ஆகி 1,50,000 வரம்பைத் தாண்டிவிடுகிறது. முழு அசலைக் காட்டியதால் அவருக்கு ஒரு பைசா லாபம் இல்லை. அக்காவுக்கு வைப்பு நிதி 60,000, எல்.ஐ.சி. 18,000, அசலில் பாதி 55,750. மொத்தம் 1,33,750. வரம்புக்கு 16,250 குறைகிறது. அதாவது அவர் அதிகமாகக் கழித்துக்கொண்டது அவ்வளவுதான்.

அப்போதுதான் பத்திரச் செலவு நினைவுக்கு வந்தது. வீடு வாங்கிய வருடத்தில் கட்டிய முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் 80சி-யில் வரும். அக்கா கணக்கிலிருந்து போன 7,20,000-ஐ அவர் எங்கேயும் காட்டவே இல்லை. அந்த 16,250 அதிலேயே நிரம்பிவிட்டது. தவறு இரண்டு ரிட்டர்னிலும் இருந்தது, வரி இரண்டிலும் சரியாகவே இருந்தது. ஐ.டி.ஆர்.-யு கூடுதல் வரி கட்டுவதற்காக வந்த வழி. இங்கே கட்ட ஒன்றும் இல்லை. நடந்ததை ஒரு பக்கக் குறிப்பாக எழுதி, ரசீது, கார்டு அறிக்கை, பத்திரச் செலவின் வங்கிப் பக்கம் எல்லாவற்றையும் சேர்த்து இருவர் கோப்பிலும் வைத்தேன். நோட்டீஸ் வந்தால் அன்றைக்குத் தேட வேண்டியதில்லை.

முட்டி ஆபரேஷன் சமாதானத்தை அதிகாரி ஏற்காமல் போனால் என்ன ஆகும் என்பதையும் அக்காவிடம் மறைக்கவில்லை. ஏழு மாதத்துக்கு மட்டும் அவர் பாதியைப் பார்த்தால் வட்டி சுமார் 1,38,000. 2 லட்சத்தில் 62,000 விழும். அவர் இருந்த 20 சதவீத வரம்பில் செஸ்ஸோடு சுமார் 12,900 ரூபாய் வரி, அதன் மேல் வட்டியும் அபராதமும். "நான் கட்டினதுதான் சார், இருக்கட்டும்" என்றார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது.

இதற்கு நடுவில் தம்பி தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். அலுவலக நண்பர் ஒருவர் சொன்னாராம், 2023 தேதியிட்ட முத்திரைத்தாள் கிடைக்கும், பாதிப் பாதி என்று ஒரு ஒப்பந்தம் எழுதி வைத்துக்கொள் என்று. "எழுதிடலாமா சார்?"

கூடாது என்றேன். நடந்தது உண்மை என்பதால் பொய்த் தேதி உண்மையாகிவிடாது. 1,500 ரூபாய் வரவு என்ற நேர்மையான சாட்சியைக் கையில் வைத்துக்கொண்டு, மோசடி என்று பேர் வாங்கும் தாள் ஒன்றை அதன் பக்கத்தில் எதற்கு வைக்க வேண்டும்? நடந்ததை இன்றைய தேதியில், நடந்தது நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் என்று சொன்னேன். தம்பி உடனே ஒப்புக்கொண்டார்.

அந்த உறுதிமொழியை எழுத உட்கார்ந்தபோது பெரிய கேள்வி வந்தது. வீட்டில் யார் பங்கு எவ்வளவு? கிரயப் பத்திரத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். "வாங்குபவர்கள்" என்று இருவர் பெயரும் இருந்தன, பங்கு எங்கேயும் இல்லை. பத்திரம் எழுதுபவர் கேட்கவில்லை, இவர்களுக்கும் தோன்றவில்லை.

பங்கு சொல்லாத பத்திரத்துக்கு 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு பதில் சொல்கிறது. வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, அவரவர் போட்ட பணத்தின் விகிதமே அவரவர் பங்கு. போட்ட பணத்துக்குச் சான்று இல்லாவிட்டால் மட்டும் சமபங்கு என்று கருதுவார்கள். "ரெண்டு பேர் பெயர் இருக்கு, அப்ப பாதிப் பாதி" என்று எல்லோரும் சொல்வது இந்தக் கடைசி வரியை மட்டும் படித்த கதை.

இவர்கள் வழக்கில் சான்று நிறைய இருக்கிறது. கடனைப் பாதிப் பாதி என்று வைத்தால் அக்கா 28 லட்சம் கடன், 20 லட்சம் கைப்பணம், ஆக 48 லட்சம். தம்பி 39,20,000. விகிதம் 55-க்கு 45. தவணை முழுவதையும் தம்பியே கட்டினார் என்று வாதிட்டால், தம்பி 67,20,000, அக்கா 20 லட்சம். அக்காவின் பங்கு 23 சதவீதத்துக்கு இறங்கிவிடும். தவணையின் குறிப்பில் "அம்மா" என்று எழுதியதும், ஐந்து மாதம் எதுவும் அனுப்பாததும் வரிக் கழிவைவிடப் பெரிய ஒன்றைத் தொடுகிறது என்று அப்போதுதான் அவர்களுக்கு உறைத்தது. 23-க்கும் 55-க்கும் இடையே உள்ளது அக்காவின் வீடு. நாளைக்குத் தம்பிக்குக் கல்யாணமாகி, அக்காவுக்குப் பிள்ளைகள் வளர்ந்து, இவர்கள் இருவரும் இல்லாத ஒரு நாளில் இந்தக் கேள்வி எழுந்தால் பதில் சொல்ல இருக்கப்போவது வங்கி அறிக்கை மட்டும்தான்.

இதை விளக்கியதும் அறையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"சரிபாதின்னுதான் அம்மா முன்னாடி பேசினோம்" என்றார் அக்கா.

"உன் பணம் அதிகமா இருக்குக்கா. அம்பத்தஞ்சுன்னே போட்டுக்க."

"டேய், சும்மா இரு."

பேசியது சரிபாதி என்றால் அதையே எழுதலாம். 45-ஆம் பிரிவே ஒப்பந்தத்துக்கு இடம் விடுகிறது. சரிபாதி என்றால் ஆளுக்கு 43,60,000. அக்கா போட்ட 48 லட்சத்தில் 4,40,000 அதிகம். அதைத் தம்பிக்குக் கொடுத்த அன்பளிப்பு என்று குறித்துக்கொண்டோம். உடன்பிறந்தவர் 56-ஆம் பிரிவில் உறவினர் பட்டியலில் வருவதால் அன்பளிப்புக்குத் தம்பியிடம் வரி கிடையாது. கடன் என்று வைத்துத் திருப்பிக் கொடுக்கவும் வழியிருந்தது. அக்கா வேண்டாம் என்றுவிட்டார். வட்டியையும் உரிமையையும் ஒரே விகிதத்தில் வைத்தது எனக்கு நிம்மதி. உரிமை ஒரு விகிதம், கடன் இன்னொரு விகிதம் என்று இருந்தால் கழிவுக்கு எதை எடுப்பது என்று வாதம் கிளம்பும். இரண்டு பக்கமும் பேச ஆள் இருக்கிறார்கள். அந்த வாதத்துக்குள் கட்சிக்காரரைத் தள்ளாமல் இருப்பதுதான் என் வேலை.

பிறகு 2024-25-க்கான ரிட்டர்ன். இந்த வருடம் அக்கா பன்னிரண்டு மாதமும் 24,300 அனுப்பியிருந்தார். படிவத்திலும் இப்போது கடன் எண், கடன் தந்தவர், வாங்கிய தேதி, பாக்கி எல்லாம் கேட்கிறார்கள். ஒரே கடன் எண் இரண்டு பேன் எண்ணில் வரும் என்பதால் பங்கு விவரம் இரண்டிலும் ஒத்துப்போவது முக்கியம்.

அக்காவின் சம்பளம் 13 லட்சம். வரி கணக்கிட இரண்டு முறைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். கழிவுகளுக்கு இடம் தரும் பழைய முறையில், சம்பளக்காரர் எல்லோருக்கும் உள்ள நிலைக்கழிவு 50,000, வாடகைப்படி விலக்கு 1,20,000, வட்டி 2 லட்சம், 80சி-யில் வைப்பு நிதி, எல்.ஐ.சி., அசலில் பாதி 60,650 எல்லாம் சேர்த்து 1,38,650. வரி 73,600 ரூபாய். புதிய முறையில் இந்தக் கழிவுகள் எதுவும் இல்லாமல், நிலைக்கழிவு 75,000 மட்டும் போக, 88,400. பழைய முறையில் 14,800 மிச்சம். வட்டிக் கழிவு இல்லாமல் பழைய முறையில் இருந்தால் 1,15,200 ஆகியிருக்கும், அப்போது அவர் புதிய முறைக்குத்தான் போயிருப்பார். ஆகவே 2 லட்சம் ரூபாய் கழிவின் உண்மையான மதிப்பு அவருக்கு அந்த வருடம் 14,800 ரூபாய். 20 சதவீதம், செஸ், மொத்தம் 41,600 என்று மனக்கணக்குப் போட்டவர்களுக்கு இது சின்னத் தொகை. அந்தக் கணக்கு, போக வேறு வழி இல்லாத காலத்தில் சரி.

தம்பிக்குச் சம்பளம் 18 லட்சம். மெடிக்ளெய்ம் பிரீமியம் அம்மாவுக்கும் சேர்த்து 70,000. 80சி முழுசு, வட்டி 2 லட்சம். பழைய முறையில் வரி 2,19,960. முந்தைய வருடம் புதிய முறையில் இதே வருமானத்துக்கு 2,34,000 வந்ததால் பழையதில் இருந்தது லாபம். 2024-25-இல் புதிய முறையின் அடுக்குகளையும் நிலைக்கழிவையும் மாற்றியதில் அது 2,15,800-ஆக இறங்கிவிட்டது. நிறுவனம் பழைய முறையில் வரி பிடித்திருந்தது. சம்பளக்காரர் கெடுவுக்குள் ரிட்டர்ன் போடும்போது மாற்றிக்கொள்ளலாம். மாற்றினோம், 4,160 ரூபாய் மிச்சம். "முழுசா எடுத்துக்கட்டும்" என்று அக்கா சொன்ன அந்தத் தம்பிக்கு வட்டிக் கழிவே தேவைப்படவில்லை. தேவைப்பட்டது அக்காவுக்கு.

அடுத்த வருடத்தை, அதாவது 2025-26-ஐ, அன்றைக்கே போட்டுக் காட்டினேன். புதிய முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை என்று ஆனதில் அக்காவுக்கு, அதே 13 லட்சம் சம்பளத்தில், வரம்பைச் சற்றே தாண்டியவர்களின் வரியைக் குறைக்கும் விளிம்பு நிவாரணத்தோடு 26,000 ரூபாய் வரி. பழைய முறையில் 72,000-த்துக்கு மேல். தம்பிக்குப் புதியதில் 1,50,800. குடியிருக்கும் வீட்டின் வட்டிக்குப் புதிய முறையில் கழிவே இல்லை. இருந்தும் இருவருக்கும் அதுதான் லாபம். மூன்று வருடத்தில் இந்தக் கழிவு முதலில் இருவருக்கும் உதவியது, பிறகு ஒருவருக்கு, பிறகு யாருக்கும் இல்லை. 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்களும் மாறுகின்றன. அவரவர் பங்குக்கு அவரவர் கணக்கு என்ற விதி அங்கேயும் தொடர்கிறது.

வீட்டை வாடகைக்கு விட்டால் கதை வேறு. அப்போது புதிய முறையிலும் வட்டி கழியும், 2 லட்சம் வரம்பும் இல்லை. ஆனால் வாடகையைத் தாண்டிய நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்கவோ அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோகவோ முடியாது. வாடகையைப் பங்கு விகிதத்தில்தான் இருவரும் காட்ட வேண்டும், ஒருவர் கணக்கில் முழுதாக வந்தாலும். விற்றால் மூலதன ஆதாயமும் அதே விகிதம். வீட்டைக் கையில் எடுத்த நிதியாண்டு முடிந்து ஐந்து வருடத்துக்குள், இவர்களுக்கு 2029 மார்ச் 31-க்குள், விற்றால் 80சி-யில் வீட்டுக்காகக் கழித்த அசலும் பத்திரச் செலவும் விற்ற வருடத்தின் வருமானமாகத் திரும்பி வந்து நிற்கும். அம்மா இருக்கும்வரை விற்கும் பேச்சே இல்லை என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

உறுதிமொழியில் இருவரும் அன்றைய தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். பத்திரத்தின் நகலோடு அதைச் சேர்த்துத் தைத்தேன்.

"இனிமே கழிவு இல்லேன்னா, நான் மாசாமாசம் அனுப்பறதை விட்டுட்டு வருஷக் கடைசியில மொத்தமா குடுத்துடவா சார்?" என்று கிளம்பும்போது அக்கா கேட்டார். வேண்டாம், மாதாமாதமே அனுப்புங்கள், குறிப்பில் மட்டும் சொல்லை மாற்றுங்கள் என்றேன். அங்கேயே நின்று போனை எடுத்து அந்த மாதத் தொகையை அனுப்பினார். தம்பியின் போன் ஒலித்தது. திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார்: 24,300 ரூபாய், "குரோம்பேட்டை வீடு, ஆகஸ்ட் தவணை, என் பாதி".